சுவரில் வளர்ந்த பிள்ளைகள்

கருங்கொம்பு எஸ்டேட்டில் தொழிலாளர்கள் குடியிருக்கிற மேல்லைனில் பிள்ளைகளின் உயரம் பிள்ளைகளை விட்டுவிட்டுத் தனியாக வளரத் தொடங்கியிருந்தது என்பது, ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம் முத்துப்பேச்சியின் மகள் புதுப்பாவாடை தடுக்கி வாசற்படியில் விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டபோதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

அந்த மலையில் பிள்ளைகளைத் தையல்காரனிடம் கூட்டிப்போகிற பழக்கம் கிடையாது. டவுனுக்கு இறங்குகிற ஒரே பஸ்ஸில் பெரியவர்களுக்கே நிற்க இடமில்லை, கொண்டைஊசி வளைவுகளில் பிள்ளைகள் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுக்கும், ஆகவே பிள்ளைக்குப் பதிலாக ஒரு சணல் கயிறு டவுனுக்குப் போய் வந்தது. மழைக்கு முன்னால் கம்பெனி கம்பளி கொடுக்கிற அன்று எல்லோரும் வீட்டிலிருப்பார்கள், அன்றைக்குப் பிள்ளைகளை வாசல் பக்கத்துச் சுவரோடு சாய்த்து நிறுத்தி, உச்சந்தலையை ஒட்டி அடுப்புக்கரியால் ஒரு கோடு போடுவார்கள். போனஸ் வந்ததும் தரையிலிருந்து அந்தக் கோடு வரைக்கும் சணலைப் பிடித்து அறுத்து, பிள்ளையின் பேரைச் சொல்லி ஒரு கலர்த் துணியை முடிந்து, டவுனுக்குப் போகிறவர்கள் கையில் கொடுத்துவிட்டால், தையல்காரர் சூசை கயிற்றைப் பார்த்துச் சட்டையும் பாவாடையும் வெட்டிவிடுவார். கம்பளி நாளுக்கும் போனஸுக்கும் நடுவில் இருக்கிற மாதங்களில் பிள்ளை வளர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. கருங்கொம்பில் அப்படியொரு பிரச்சினை வந்ததே இல்லை.

சாவுக்கும் கயிறுதான் போனது. கோயிலுக்குப் போகிற குடும்பங்களில் அப்படியே புதைப்பார்கள், மாதா கோயில் குடும்பங்களில் பெட்டியில் வைத்துப் புதைப்பார்கள், அந்தப் பெட்டிக்கு டவுன் ஆசாரியிடம் அளவுக்கயிறு ஒன்று கீழே இறங்கும். உயிரோடிருக்கிறவர்கள் கயிற்றில் கலர்த் துணி, இறந்தவர்கள் கயிற்றில் வெறும் முடிச்சு, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தத் தீபாவளிக்கு லைன் முழுக்கப் பிள்ளைகள் பாவாடையைத் தரையில் இழுத்துக்கொண்டும் சட்டைக் கைக்குள் விரல்களைத் தேடிக்கொண்டும் திரிந்தார்கள். பெண்கள் கூடிச் சூசையை வண்டை வண்டையாகத் திட்டினார்கள். அவருக்கு வயசாகிவிட்டது, கண் போய்விட்டது, இல்லையென்றால் வேறு யாரோ நல்லா வளர்ந்த பிள்ளைகளுக்குத் தைத்ததை நம் தலையில் கட்டிவிட்டார் என்றார்கள். அவரோ பஸ் ஏறி மேலே வந்து, வந்த கயிற்றையெல்லாம் மூட்டையாகக் கொண்டுவந்து தரையில் கொட்டி, நீங்களே அளந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டு வெற்றிலை போட உட்கார்ந்துவிட்டார். அளந்தார்கள். கயிறு சரியாகச் சுவர்க்கோட்டைத் தொட்டது. பிள்ளையை நிறுத்தினார்கள். கோடு பிள்ளையின் தலைக்கு நாலு விரல் மேலே நின்றது. முத்துப்பேச்சி வீட்டில் மட்டுமல்ல, லைனில் பிள்ளை இருந்த எல்லா வீட்டிலும் அப்படித்தான், ஒரு வீட்டில் மூன்று விரல், இன்னொரு வீட்டில் ஒரு சாண், இரட்டைப் பிள்ளைகள் வீட்டில் இரண்டு கோடும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மேலே ஏறியிருந்தன. சூசை வெற்றிலையைத் துப்பிவிட்டு அடுத்த பஸ்ஸில் இறங்கிப் போனார்.

ஆச்சரியப்பட அங்கே யாருக்கும் நேரமில்லை. காலையில் மஸ்டரில் ஆஜர் சொல்ல ஒருநிமிஷம் பிந்தினால் அரைநாள் கூலி போய்விடும், அட்டை காலில் ஏறும், யானை ரேஷன் கடைக் கதவை உடைக்கும், இதற்கு நடுவே சுவரில் ஒரு கரிக்கோடு தானாக ஏறுகிறது என்றால், ஏறிவிட்டுப் போகட்டும் என்றுதான் விட்டார்கள். அது ஏறுவதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. தேயிலைக்காட்டுக்குப் போய்க் கொழுந்து பறித்துத் திரும்பி வந்து பார்த்தால் ஒரு நூல் ஏறியிருக்கும், பிள்ளை அதே இடத்தில் பாலில்லாத கட்டஞ்சாயாவைக் குடித்துக்கொண்டு அதே உயரத்தில் உட்கார்ந்திருக்கும். அந்த லைனில் பால் என்பது பிள்ளை பெற்றவளிடம் கொஞ்சநாள் இருக்கிற ஒன்று. அது நின்றதும் சாயாதான், பசித்தாலும் சாயா, குளிர்ந்தாலும் சாயா, ஊருக்கெல்லாம் சாயா அனுப்புகிற மலையில் அதற்குமட்டும் பஞ்சமில்லை.

கொஞ்சநாளில் பழைய கோடுகளும் வெளியே வந்தன. வருஷாவருஷம் அடித்த வெள்ளையடிப்புக்குக் கீழே மூடிக்கிடந்த கோடுகள், இப்போது பெரியவர்களாகி முதுகில் கூடை சுமக்கிறவர்கள் பிள்ளையாக இருந்தபோது போட்ட கோடுகள், ஒவ்வொன்றாகச் சுண்ணாம்பைப் பிளந்துகொண்டு கறுப்பாகத் தெரிந்தன. அவை ஏறவில்லை, ஏறவேண்டிய இடத்துக்கு என்றைக்கோ ஏறி முடித்து, அங்கேயே நின்றிருந்தன. அன்னபுஷ்பத்தின் வீட்டில் அவளுடைய கோடு இருந்தது, அவள் பிறந்ததும் வாக்கப்பட்டதும் விதவையானதும் அதே வீட்டில்தான். ஒருநாள் வேலை முடிந்து வந்து ஈரக் கம்பளியைக் கழற்றும்போது, தலைக்கு ஒரு சாணுக்கும் மேலே தன் கோட்டைப் பார்த்தாள், பக்கத்தில் அவளுடைய அப்பா கரியில் கிறுக்கிய ‘அ’வும் கூடவே ஏறி வந்திருந்தது. கையை நீட்டி அதைத் தொட்டாள். அவ்வளவு உயரத்தில் அவளுடைய கண் இருந்திருந்தால், அடுப்புக்குமேல் பலகையில் என்ன இருக்கிறது என்று எக்கிப் பார்க்காமலே தெரிந்திருக்கும். அழுகை வந்தது, ஏன் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை, மகள் பார்க்குமுன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மகள் பேர் கிளாடிஸ். பதின்மூன்று வயது, அந்த ஆடியில்தான் பெரியவளானாள், போலீஸாக வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. ஒருமுறை எஸ்டேட்டில் சண்டை நடந்தபோது கீழேயிருந்து ஒரு பெண் போலீஸ் வந்து, ஜீப்பிலிருந்து இறங்கி, மேனேஜர் துரையின் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததை அவள் பார்த்திருந்தாள். துரையின் முன்னால் உட்கார்ந்த பெண்ணை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை. அன்னபுஷ்பத்துக்கோ போலீஸ் ஆனாலும் சரி, நர்ஸ் ஆனாலும் சரி, மகள் கூடை தூக்காமல் இந்த மலையை விட்டு இறங்கிவிட்டால் போதும். அன்னபுஷ்பம் வேலையிலிருந்து நிற்கிற அன்று வீட்டில் வேறொருத்தர் வேலைக்குப் பேர் கொடுக்காவிட்டால் கம்பெனி வீட்டைக் காலிபண்ணச் சொல்லும், பேர் கொடுக்க கிளாடிஸைத் தவிர ஆளில்லை. அந்த நாள் வருமுன் மகள் இறங்கிவிட வேண்டும், போலீஸுக்கோ ஒரு உயரம் கேட்கிறார்கள், அந்த உயரம் கிளாடிஸிடம் இல்லை, அவளுடைய கோட்டிடம் இருந்தது.

துரைக்குக் கோடுகளின் சேதி போனதும் அவர் நேரில் வந்து பார்த்தார். இந்த ஆட்கள் ஜாதியிலேயே குள்ளம், ரத்தம் அப்படி, என்ன தின்னாலும் இவ்வளவுதான் வருவார்கள் என்று புதிதாக வருகிற ஒவ்வொரு அதிகாரியிடமும் சொல்லிச் சொல்லிப் பழகின மனுஷன். ஏறி நிற்கிற கோடுகளை அவர் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார். அடுத்த வாரமே, பருவமில்லாத பருவத்தில், லைன் முழுக்க வெள்ளையடிக்க ஆள் வந்தது. மூன்றுபூச்சு அடித்தார்கள். சுண்ணாம்பு காயுமுன்னே கோடுகள் மறுபடி வந்து நின்றன, சில ஒரு நூல் கூடவே ஏறியிருந்தன.

டிஸ்பென்சரிக்கு வாரத்தில் ஒருநாள் வருகிற டாக்டரம்மாதான் அதற்கு அர்த்தம் சொன்னது. கிளாடிஸை இரும்புச்சத்து மாத்திரைக்காகக் கூட்டிப்போன அன்னபுஷ்பம், தயங்கித் தயங்கிக் கோட்டைப் பற்றிக் கேட்டாள். அந்தம்மா சிரிக்கவில்லை, அவளும் லைனைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். எவ்வளவு உயரம் போகலாம் என்பதை அப்பா அம்மா கொடுக்கிற விதை சொல்கிறது, அதில் எவ்வளவு தூரம் ஏறுவது என்பதைச் சோறும் பாலும் முட்டையும் கீரையும் சொல்கின்றன, உங்கள் சுவர் விதையின் கணக்கைக் காட்டுகிறது, உங்கள் பிள்ளை சோற்றின் கணக்கைக் காட்டுகிறது என்று விளக்கிச் சொன்னாள். அப்புறம் கிளாடிஸின் முழங்காலைத் தொட்டு, எலும்பின் இரண்டு நுனியிலும் மெத்தென்று ஒரு இடம் இருக்கிறது, அங்கேதான் வளர்ச்சி நடக்கிறது, பெண்பிள்ளை பெரியவளானபின் கொஞ்ச காலத்தில் அது இறுகி மூடிக்கொள்ளும் என்றாள்.

“மூடினதுக்குப் பிறவு பால் குடிச்சா?” என்று கேட்டாள் அன்னபுஷ்பம்.

“உடம்புக்கு நல்லது. உயரம் வராதும்மா. எலும்பு காத்தத் தின்னு வளராது, காலம் போனபிறகு எதைத் தின்னும் வளராது. இப்போ கொடுங்க. இப்போ மட்டுந்தான்.”

தேயிலைக்காட்டில் வளர்ந்தவளுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. இடுப்பளவுக்குப் பரப்பி நிறுத்தியிருக்கிற தேயிலை செடியல்ல, மரம் என்று அவளுக்குத் தெரியும். நுனியைக் கிள்ளிக் கிள்ளி, கவாத்துக் கத்தியால் வெட்டி வெட்டி அதைச் செடியாக வைத்திருக்கிறார்கள். ஆற்றுக்கு அந்தப்பக்கம் கம்பெனி கைவிட்டுப்போன காட்டில் அதே தேயிலை இரண்டாள் உயரத்துக்கு நிற்கிறது, அதில் குருவி கூடு கட்டுகிறது, அதைப் பார்க்கிற வெளியூர்க்காரர்கள் என்ன மரம் இது என்று கேட்கிறார்கள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எலும்போடு ஒரு பந்தயம் நடந்தது. பால்வாடியில் வளர்கிற பெண்பிள்ளைகளுக்கென்று சத்துமாவு கொடுத்தார்கள், பள்ளிக்கூடத்தில் சத்துணவோடு முட்டை கொடுத்தார்கள், அதில் ஒன்றையும் விடாமல் கிளாடிஸ் தின்றாள். அன்னபுஷ்பம் பொன்னாங்கண்ணியும் மணத்தக்காளியும் ஓடையோரம் தேடிப் பறித்து வந்தாள், மழைவிட்ட நேரத்தில் வழுக்குப் பாறையில் மீன் பிடித்தாள், தனக்கு வைத்ததையும் மகள் தட்டில் தள்ளிவிட்டு, காட்டிலேயே சாப்பிட்டுவிட்டேன் என்று பொய் சொன்னாள். ஒரு வருஷத்தில் கிளாடிஸ் மூன்று விரல் வளர்ந்தாள், பாவாடை ஓரத்தை இறக்கித் தைக்க வேண்டியதாயிற்று. அந்த லைனில் பாவாடை ஓரம் பிரித்த முதல் வீடு அதுதான். கோட்டுக்கும் தலைக்கும் நடுவே இருந்த வெறும் சுவர் குறைந்துகொண்டே வந்தது. அம்மாவும் மகளும் விளக்கேற்றினதும் அந்த இடைவெளியில் விரலை வைத்துப் பார்ப்பார்கள், விரல் ஒன்று குறைந்தால் அன்றைக்குச் சந்தோஷத்தில் இரண்டு பேருக்கும் தூக்கம் வராது.

மற்ற வீடுகளில் நடந்தது வேறு. தங்கள் ரத்தம் குள்ளமில்லை என்று சுவரே சொன்னபிறகு லைன்காரர்களுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது, நிமிர்ந்தது அதோடு நின்றும் விட்டது. சோறு எங்கே என்று துரையிடம் போய்க் கேட்டிருக்க வேண்டிய வாய்கள், என் பையன் அஞ்சே முக்கால் அடி என்று பக்கத்து வீட்டில் பீற்றிக்கொள்ளக் கிளம்பின. அஞ்சே முக்கால் என்றால் கோடு. பையனோ அம்மாவின் தோளுக்குக்கீழே நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான். சம்பந்தம் பேச வந்தவர்கள் பெண்ணைப் பார்க்குமுன் சுவரைப் பார்த்தார்கள், சூப்பர்வைசர் மகளின் கோட்டைவிடக் கக்கூஸ் கழுவுகிறவர் மகளின் கோடு உயரத்தில் நின்றதால் இரண்டு வீட்டுக்கும் அடிதடி ஆனது. வெள்ளிக்கிழமைதோறும் கோட்டுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள், மாதா கோயில் வீடுகளில் மெழுகுதிரி ஏற்றினார்கள், பிள்ளைக்குப் பிறந்தநாள் வந்தால் அவித்த முட்டையைக் கோட்டுக்கு நேரே படைத்துவிட்டுப் பெரியவர்கள் எடுத்துத் தின்றார்கள். கோடு உத்தரத்தைத் தொட்ட வீட்டில் கூரைத் தகரத்தைத் தூக்கிக் கட்டினார்கள். இப்படியாக அந்த லைனில் இரண்டு தலைமுறை ஒரே சமயத்தில் குடியிருந்தது, ஒன்று சுவரில் நெடுநெடுவென்று, ஒன்று தரையில் சாயாவோடு.

அப்போதுதான் கீழேயிருந்து அளக்கிறவர்கள் வந்தார்கள். மலையில் பிள்ளைகள் வயசுக்கேற்ற வளர்த்தி இல்லை என்று யாரோ மேலே சொல்லியிருந்தார்கள், சத்துமாவை இன்னும் கூட்டிக் கொடுக்கலாமா என்று பார்க்க ஒரு மேடமும் அளவுப் பலகையும் வந்து இறங்கின. முந்தின நாளே யூனியன் ராசப்பன் லைனைக் கூட்டிப் பேசினார். நம் பிள்ளைகளைப் பலகையில் நிறுத்திக் குள்ளம் குள்ளம் என்று எழுதிக்கொண்டு போக விடலாமா, நமக்கென்று உயரம் இல்லையா, சுவரை அளக்கச் சொல்லுங்கள் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அவரைக் குற்றம் சொல்வதில் பிரயோஜனமில்லை, காலமெல்லாம் குனிந்து நின்றவர்களுக்கு ஒருநாள் நிமிரக் கிடைத்தால் எந்தச் சுவரையும் பிடித்துக்கொண்டு நிமிர்வார்கள்.

மேடத்துக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கவேண்டிய அவசரம். லைன்காரர்கள் சுவரைக் காட்டினார்கள், அவளும் கோட்டுக்கு டேப்பைப் பிடித்து அளவைச் சொல்ல, கூட வந்தவர் எழுதிக்கொண்டே வந்தார். உயரம் ஏற ஏற மேடத்தின் முகம் மலர்ந்தது, இவ்வளவு நல்ல அளவை அவள் எங்கேயும் பார்த்ததில்லை. அன்னபுஷ்பம் வீட்டுக்கு வந்தபோது கிளாடிஸ் பாவாடை ஓரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, அளக்கட்டும் என்று சுவரோடு ஒட்டி நின்றாள். மூன்று விரல் வளர்ந்ததை யாராவது எழுதிவைக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. மேடம் பிள்ளையையும் பார்த்தாள், கோட்டையும் பார்த்தாள், எதை எழுத என்று அம்மாவைக் கேட்டாள்.

அந்த ஒரு நிமிஷத்தில் அன்னபுஷ்பத்தின் மனசில் ஓடியதெல்லாம் போலீஸ் செலக்‌ஷன்தான். சர்க்கார் ஆள் கையால் எழுதிச் சீல்வைத்த உயரத்தை இன்னொரு சர்க்கார் ஆள் இல்லையென்று சொல்லமுடியுமா? எழுதிவிட்டால் ஆயிற்று, கிளாடிஸ் பாஸ், மலையிறங்கிவிடுவாள். படிக்காதவளுக்கு எழுத்தின்மேல் இருக்கிற நம்பிக்கை படித்தவர்களுக்கு இருக்காது.

“கோட்டையே எழுதுங்க மேடம். அதுதான் அவ நெச உசரம்.”

“அம்மா, நான் இங்க நிக்கேன்” என்றாள் கிளாடிஸ்.

“சும்மா இரிட்டி” என்றாள் அம்மா.

டேப் அவளுடைய தலையைத் தாண்டி மேலே போனது. ஒரு அட்டையில் பேரும் உயரமும் எழுதி, சீல்குத்தி, அன்னபுஷ்பத்தின் கையில் கொடுத்துவிட்டு மேடம் பஸ்ஸுக்கு ஓடினாள். அட்டையை மாதா படத்துக்குப் பின்னால் பத்திரமாகச் செருகி வைத்தாள் அன்னபுஷ்பம்.

கருங்கொம்பின் பிள்ளைகள் அந்தச் சீமையிலேயே உயரமானவர்கள் என்று மேலே முடிவானது. இவ்வளவு வளர்ந்த பிள்ளைகளுக்குக் கூடுதல் சத்து எதற்கு என்று, இன்னும் தேவையான இடங்களுக்கு அனுப்புவதற்காகச் சத்துமாவை நிறுத்தினார்கள். பால்வாடி டீச்சருக்குக் கூட அது முறையான நடவடிக்கையாகத்தான் பட்டது. லைனில் யாரும் பெரிதாக வருத்தப்படவில்லை, சீமையிலேயே உயரம் என்று பேர் வாங்கிவிட்டு மாவுக்குக் கையேந்தினால் நன்றாகவா இருக்கும் என்று கேட்டார்கள். அந்த வருஷம் மழையும் விடவில்லை, கொழுந்து அழுகி வேலை குறைந்தது, ஓடை பெருகி மீனும் கீரையும் அடித்துக்கொண்டு போயின. அன்னபுஷ்பம் இரண்டுதரம் பால்வாடிக்குப் போய், மூன்றாம் தரம் டவுன் ஆபீஸுக்கே போய், என் மகளை நிறுத்தி அளந்து பாருங்கள் என்று கெஞ்சினாள். அவர்கள் அட்டையைக் காட்டச் சொன்னார்கள். காட்டினாள். அட்டையில் சீல் தெளிவாக இருந்தது.

கிளாடிஸின் எலும்பு மூடிக்கொண்ட நாளைச் சுவர்தான் சொன்னது. ஒருநாள் அவளுடைய கோடு ஏறுவதை நிறுத்தி நின்றுவிட்டது. அதற்கும் அவள் தலைக்கும் நடுவே ஒரு சாண் சுவர், சுத்தமான வெள்ளைச் சுவர், இருந்தது. அன்னபுஷ்பம் கோட்டை மறைத்து ஒரு மாதா காலண்டரைத் தொங்கவிட்டாள். காலையில் பார்த்தபோது கோடு அதே இடத்தில் காலண்டர் தாளின்மேல் வந்து தெரிந்தது.

இருந்தும் வயசு வந்ததும் செலக்‌ஷனுக்குப் போனார்கள். ஓட்டத்தில் கிளாடிஸ் முதலாவதாக வந்தாள், மலை ஏறி இறங்கி வளர்ந்த காலுக்கு மைதானம் என்பது விளையாட்டு. உயரம் பார்க்கிற இடத்தில் பலகைக்கட்டையை அவளுடைய தலையில் இறக்கிப் பார்த்த பெண் போலீஸ் தலையை ஆட்டிவிட்டு, அடுத்தவளைக் கூப்பிட்டாள். தடுப்புக் கயிற்றுக்கு அந்தப்பக்கம் நின்ற அன்னபுஷ்பம் அட்டையைத் தூக்கிக் காட்டிக்கொண்டே உள்ளே ஓடினாள். சர்க்கார் எழுதினது, சீல் இருக்கிறது, பாருங்கள் என்றாள். அந்தப் பெண் அட்டையை வாங்கிப் படித்தாள், கிளாடிஸைப் பார்த்தாள், அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். நல்லவள்தான், சத்தம் போடவில்லை.

“அம்மா, நாங்க இங்க ஆளைத்தான் அளப்போம்.”

திரும்பி வருகிற பஸ்ஸில் கிளாடிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மாவும் மகளும் அதன்பிறகு அதைப்பற்றிப் பேசவில்லை. காலம் வந்தபோது அன்னபுஷ்பம் வேலையிலிருந்து நின்றாள், வீடு போகாமலிருக்க கிளாடிஸ் பேர் கொடுத்துக் கூடையை எடுத்தாள். குட்டையான கைகளுக்குச் செடியின் நடுவே எட்டவில்லை என்று கங்காணி புகார் சொன்னதும், துரை அந்தக் கவாத்தில் செடிகளை இன்னும் ஒரு விரல்கடை தாழ வெட்டச் சொன்னார். கிளாடிஸுக்குக் கல்யாணம் ஆனது, பையன் பிறந்தான், சுவரில் அவனுடைய கோடும் ஏறத்தொடங்கியது. அம்மாவுக்குச் சோறு போடுவாள், கால் பிடித்துவிடுவாள், ஆனால் அந்தச் சுவர்ப்பக்கம் இருவரும் ஒன்றாக நிற்பதில்லை. நடக்கமுடியாமல் படுத்த பிறகு ஒருமுறை அன்னபுஷ்பம், மகளின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: “உன்ன நிக்க வச்சு அளந்திருக்கணும்ட்டி.” கிளாடிஸ் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். ஆற்றி ஊட்டிவிட்டாள், ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று பிற்பாடு எவ்வளவோ நினைத்து அழுதாள்.

அதற்குள் லைனில் சாவுக்கும் கோட்டை அளந்தே கயிறு அறுப்பது வழக்கமாகியிருந்தது. செத்த பிறகாவது முழு உயரத்தில் படுக்கட்டும் என்று யாரோ ஆரம்பித்து வைத்தார்கள். டவுன் ஆசாரி கருங்கொம்புக்கு என்றாலே நீளமான பலகையாக எடுத்துவைப்பார், மலைக்காரர்கள் நல்ல ஆகிருதி என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வார். கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற பாதை சரிவு. நீளப் பெட்டிக்குள் குட்டை உடம்பு ஏற்றத்தில் ஒருபக்கமும் இறக்கத்தில் மறுபக்கமும் வழுக்கிப் போய் டொக் டொக்கென்று இடிக்கும், தூக்கிப்போகிறவர்கள் அந்தச் சத்தம் கேட்காத மாதிரி பாட்டை உரக்கப் பாடுவார்கள்.

அன்னபுஷ்பம் இறந்தபோது ராசப்பன் கிழவராகியிருந்தார், சணலோடு அவரே வந்து, சுவரில் ‘அ’ போட்ட கோடு எங்கே என்று கேட்டார். கிளாடிஸ் கயிற்றை அவரிடமிருந்து வாங்கினாள். பாயில் கிடந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, குதிகாலிலிருந்து உச்சந்தலைவரை கயிற்றைப் பிடித்தாள், முதுமையில் இன்னும் சுருங்கிப்போயிருந்தாள் அம்மா, கயிறு கொஞ்சம்தான் ஓடியது. பெண்கள் முணுமுணுத்தார்கள். பெற்றவளைச் செத்த அன்றைக்குக் கூடக் குறைக்கிறாளே, பழைய வன்மம் போகவில்லையே என்றார்கள்.

“எங்கம்மா இங்க கிடக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டு, அரிவாளால் கயிற்றை அறுத்து, வெறும் முடிச்சுப் போட்டு ஜீப்பில் கொடுத்தனுப்பினாள்.

பெட்டி சாயங்காலம் வந்தது. வெள்ளைப் பெயின்ட் அடித்த பெட்டி. மூடியில் நீலச் சிறகோடு சம்மனசு என்கிற தேவதூதன், சுற்றிலும் ரோஜாப்பூ, உள்ளே சரிகை ஓரம் வைத்த வெள்ளைத் துணி. சின்னப்பிள்ளைகள் இறந்தால் மட்டும் செய்கிற பெட்டி. கோட்டை அளக்கத் தொடங்கினதிலிருந்து கருங்கொம்பின் பெரியவர்களுக்கு இவ்வளவு சின்னக் கயிறு வந்ததே இல்லை, ஆகவே ஆசாரி அது பிள்ளை என்று நினைத்துவிட்டார். எத்தனாம் கிளாஸ் படித்த பிள்ளை என்று கேட்டாராம், ஜீப்காரனுக்கு அன்று மனசு சரியில்லை, தெரியாது என்று சொல்லிவிட்டானாம். மனசு கேட்காமல் ஆசாரி தன் செலவில் சிறகைக் கொஞ்சம் பெரிதாக வரைந்து கொடுத்திருந்தார்.

பேரன் எடுத்த பொம்பளைக்கு இதுவா பெட்டி என்று லைனே கொதித்தது. திருப்பி அனுப்பலாம், பிரேதத்தை நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றார் ராசப்பன். கிளாடிஸ் பெட்டியின் பக்கத்தில் போய் நின்று அந்தச் சிறகைக் கையால் தடவினாள். அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது, பஸ்ஸில் வராத அழுகை, கஞ்சி ஆற்றும்போது வராத அழுகை.

“இருக்கட்டும் மாமா. ஆசாரி சரியாத்தான் செஞ்சிருக்காரு. வளர்ற வயசுலயே நின்னுபோன பிள்ளதான இவ. நாம எல்லாரும் அதுதான.”

அன்னபுஷ்பத்தைத் தூக்கிப் பெட்டியில் வைத்தார்கள், தலையும் காலும் இம்மி பிசகாமல் பொருந்தின. சரிவில் தூக்கிப்போகும்போது உள்ளே ஒரு சத்தமும் இல்லை. எதையும் மறைக்கத் தேவையில்லாததால் பாட்டுத் தானாக நின்றுபோய், தேயிலைக்கு நடுவே அந்த வெள்ளைப் பெட்டிக்குப் பின்னால் அவர்கள் சும்மா நடந்தார்கள், பெட்டியைப் பார்த்துக்கொண்டு, பிறகு ஒருவர் தலையை ஒருவர் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். இத்தனை வருஷத்தில் அந்த லைன் தன் பிள்ளைகளுக்காக அழுதது அன்றைக்குத்தான், அழுதவர்களில் பாதிப்பேருக்கு எலும்பு மூடி எத்தனையோ காலமாகியிருந்தது.

குழி வெட்டினவர்கள் பழக்கத்தில் கோட்டின் நீளத்துக்கு வெட்டிவைத்திருந்தார்கள். சின்னப்பெட்டி அதில் ஒருபக்கமாக இறங்கி உட்கார்ந்தது. கிளாடிஸ் ஒருபிடி மண் போட்டுவிட்டு, மகனைக் கூட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றாள். பெட்டியைச் சீக்கிரமே மண் மூடிவிட்டது. கால்மாட்டில் மிச்சமிருந்த வெறுங்குழியை நிரப்பத்தான் வெகுநேரம் பிடித்தது.